மிகுபுனைவுத் தொடர்களைப் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், சென்ற கூட்டத்தின்போது ஒரு கல்லூரி மாணவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் சிறுவனிடம் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா என்னும் மிகுபுனைவுத் (ஃபேன்டஸி) தொடரின் ஒரு நூலைக் கொடுத்து, "இதுலதான் ஒண்ணுன்னு போட்டிருக்கு, முதல்ல இதைப் படி" என்றாள். நான் எழுந்து போய் அந்த நூலை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு அது. முடிவைச் சொல்லிவிடுவது, ஒரே மூச்சில் இருபது பெயர்களை அடுக்குவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த பிழைகள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முன்கதையை முதலில் கொடுப்பது

நார்னியா தொடரின் ஏழு நூல்களும் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. முதலில் வந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' நூலில், லூசி என்னும் சிறுமி பழைய அலமாரிக்குள் தொங்கும் ரோமக் கோட்டுகளை விலக்கிக்கொண்டே உள்ளே போகிறாள். காலடியில் ஏதோ நொறுங்குகிறது. குனிந்து தொட்டால் பனி. சற்றுத் தொலைவில், நடுக்காட்டில், ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அதை அங்கே நட்டது யார் என்ற கேள்வியோடுதான் வாசகரும் லூசியோடு அந்த உலகத்துக்குள் நுழைகிறார். அதற்கான விடை 1955இல் வந்த 'தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ' நூலில் இருக்கிறது. அலமாரிக்கான மரம் எங்கிருந்து வந்தது என்பதும் அதில்தான் தெரியவருகிறது. கதை நிகழும் காலத்தைக் கணக்கிட்டு, பிற்காலப் பதிப்புகள் இந்த நூலுக்கே ஒன்றாம் எண்ணைக் கொடுத்துவிட்டன. அந்த எண்ணை நம்பித் தொடங்குகிறவருக்குக் கேள்வி எழுவதற்கு முன்பே விடை கிடைத்துவிடுகிறது. பிறகு தெருவிளக்கைப் பார்க்கும்போது அவருக்கு வியப்பு ஏதும் இருக்காது.

லூயிஸே 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் கதை நிகழும் காலவரிசையின் பக்கம் சாய்ந்தார். எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இருக்காது என்றும் அதில் எழுதினார். இதில் நான் அவரோடு உடன்படவில்லை, ஏனென்றால் அந்த வேறுபாட்டின் விலை என்னவென்று எனக்குத் தெரியும்.

தக்கலையிலிருந்து வட்டத்துக்கு வந்த ஒரு மாணவர், மிகுபுனைவு எழுத்தாளர் டோல்கீனை எங்கிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் முற்பட்ட கதை 'தி சில்மரிலியன்' நூலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கொடுத்தேன். அது டோல்கீன் 1973இல் மறைந்த பிறகு அவருடைய மகன் தொகுத்து 1977இல் வெளியிட்ட நூல். இலுவாட்டார் என்னும் படைப்புக் கடவுளின் முன்னிலையில் ஐனுர்கள் என்னும் தேவர்கள் பாட, அந்த இசையிலிருந்து உலகம் தோன்றுவதில் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பெயர்களோடு விரிவது. ஆனி மாத மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், நனையாமலிருக்கச் செய்தித்தாளில் சுற்றி அவர் அந்த நூலைத் திரும்பக் கொண்டுவந்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் பேருந்துச் சீட்டு அடையாளமாக இருந்தது. "அக்கா, பேருக்கு மேல பேரா வருது, ஒண்ணும் மனசுல நிக்கல்ல" என்றார். அவர் நல்ல வாசகர். வரலாற்று நூல்களைத் தொடர்ந்து எடுத்துப் போனார். ஆனால் மிகுபுனைவின் பக்கம் மறுபடி வரவே இல்லை. 1937இல் வந்த 'தி ஹாபிட்' நூலை அன்று கொடுத்திருந்தால், 1954, 1955 ஆண்டுகளில் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரைக்கும் அவர் தானாகவே போயிருப்பார். அந்தப் பெயர்கள் மீது ஆசை பிறந்த பிறகு சில்மரிலியனையும் கேட்டு வாங்கியிருப்பார்.

காலவரிசைதான் நேர்மையான வரிசை என்று சொல்கிறவர்களிடம் நம்முடைய காவியங்களைத்தான் காட்டுவேன். மகாபாரதம், போர் முடிந்து, பாண்டவர்களின் காலமும் முடிந்து, நைமிசாரணியத்தில் முனிவர்கள் நடுவே சூதர் கதை சொல்வதில் தொடங்குகிறது. இராவணனின் பிறப்பும் அவன் பெற்ற வரங்களும் காலத்தால் முற்பட்டவை; ஆயினும் அவை விரிவாக வருவது இறுதியிலுள்ள உத்தர காண்டத்தில். கம்பர் அந்தக் காண்டத்தைப் பாடாமலே, சரயு நதி பெருகி வரும் ஆற்றுப்படலத்தில் தம் காவியத்தைத் தொடங்கினார்.

எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடுகிறவர்கள் தெய்வத்தின் பிறப்பிலிருந்து பாடுகிறார்களே என்று ஒருமுறை என்னை ஒருவர் மறுத்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து அதைக் கேட்கிறவர்களுக்கு அந்தக் கதை சிறு வயதிலிருந்தே தெரியும். காலவரிசை அவர்களுக்கு உரியது, அதாவது இரண்டாம் முறை படிப்பவருக்கு. முதல் முறை படிப்பவருக்கு நூல்கள் வெளிவந்த வரிசையையே சொல்லுங்கள்.

முடியாத தொடரை முடிந்ததுபோல் கொடுப்பது

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் முதல் நூல் 1996இலும் ஐந்தாவது நூல் 2011இலும் வந்தன. ஆறாவதுக்காக வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். இதைப் பரிந்துரைப்பதில் தவறில்லை, மறைப்பதுதான் தவறு. காத்திருக்க மனமில்லாதவருக்கு ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' இருக்கிறது. ஜோர்டன் 2007இல் மறைந்தாலும், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுத, பதினான்காம் நூலோடு 2013இல் அந்தத் தொடர் நிறைவுற்றது. பதினான்கு நூல்கள் என்பதையும் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

"மூன்றாம் பாகத்திலிருந்து சூடுபிடிக்கும்" என்பது

அப்படியானால் அது கேட்டு வந்தவருக்கான தொடர் அல்ல.

எதைப் படித்தார் என்று கேட்காமல் கொடுப்பது

பிடித்த நூல் எது என்று கேட்டால் பலரும் மதிப்புக்குரிய ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். கடைசியாக முழுக்கப் படித்து முடித்தது எது, அதில் எந்த இடத்தில் தூக்கத்தைத் தள்ளிப்போட்டீர்கள் என்று கேளுங்கள். இங்கே பெரும்பாலானோர் பொன்னியின் செல்வன் என்பார்கள். வந்தியத்தேவனின் குதிரைப் பயணம் பிடித்தவருக்கு டோல்கீனையும், பழுவேட்டரையர்களின் சதியாலோசனைகள் பிடித்தவருக்கு மார்ட்டினையும் கொடுக்கிறேன். நேரமில்லை என்பவருக்கு, 1968இல் வந்த உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. மெலிந்த நூல், தீவுகளும் படகுகளும் நிறைந்த அதன் உலகம் கடற்கரை ஊர்க்காரர்களை எளிதில் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

வயதைக் கேட்காமல் மார்ட்டினைக் கொடுப்பது

கூடாது.