புயல் வருவதற்கு முன்பே எழுத வேண்டிய பட்டியல்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னை வேரோடு சாய்ந்தது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. சரி, அது தோப்புக்காரருக்கு. அதே தோப்பில் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீத்து முடைந்து விற்ற பெண்கள் பெயரில் ஒரு மரமும் கிடையாது, அப்புறம் அவர்கள் எந்த நஷ்டத்தைக் கணக்குக் காட்டுவது? புதுக் கன்று காய்க்கும்வரை அவர்களுக்கும்தான் கூலி இல்லை.

அதனால் உங்கள் ஊருக்கு மீட்புத் திட்டம் போடும்போது பட்டா, அடங்கல் (கிராமத்துப் பயிர்க் கணக்கு) என்ற நிலப் பதிவுகளோடு நிறுத்தாதீர்கள். நூறு நாள் வேலை அட்டை, மகளிர் குழுப் பதிவேடு இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் “எதை நம்பிப் பிழைப்பு, அது யாருடைய நிலத்தில்” என்று ஒரு கட்டம் போடுங்கள். குத்தகைக்காரரிடம் நிலத்துக்காரர் இல்லாதபோது கேளுங்கள், அவர் பக்கத்தில் நின்றால் உண்மை வராது.

அடுத்தது ரேஷன் கார்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள். வேகமான வழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் மகன் கார்டில் பெயர் இருந்துகொண்டு தனிக் குடிசையில் பொங்கித் தின்னும் அம்மாவுக்கு அந்தப் பணம் போய்ச் சேருமா என்பது மகன் மனசைப் பொறுத்தது. வெளியூர் கார்டோடு வாடகைக்கு இருப்பவர், புறம்போக்கில் குடிசை போட்டவர் எல்லோரையும் தனியாகக் குறியுங்கள்.

கணக்கெடுப்பை ஊரின் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள், கூடவே அந்தத் தெருப் பெண் ஒருவர் வரட்டும். கோயில் வாசலில் உட்கார்ந்து எழுதினால் அங்கே வரத் தயங்குகிறவர்கள்தான் முதலில் விடுபடுவார்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் பட்டியலை வாசித்துத் தீர்மானமாக ஏற்றிவிடுங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் நல்ல வாய்ப்பு அது. நோய், ஊனம் பற்றிய விவரங்களை மட்டும் சபையில் வாசிக்க வேண்டாம்.

புயலுக்குப் பிறகு அரசுப் பட்டியல் வந்ததும் உங்களுடையதோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களின் மனுக்களை ஒன்றாகச் சேர்த்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் தனி ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள்.