பழைய லப்டொப்பிலும் விமானம் ஓட்டலாம்: ஃபிளைட்கியர் செட்டிங்ஸும் வழமையான பிரச்சினைகளும்

"அண்ணா, ஃபிளைட் சிமுலேட்டர் போட்டுப் பார்த்தேன், இழுத்து இழுத்து ஓடுது, புது மெஷின் வாங்க வேணுமோ?" கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கணனி படிக்கிற பிள்ளைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வருகிற கேள்வி இது. வாங்க வேண்டாம். வெளிநாட்டு மாமா வந்தபோது விட்டுவிட்டுப் போன லப்டொப்பிலேயே பெரும்பாலும் வேலை நடக்கும். மெஷினில் பலம் இல்லை என்று நினைக்கிற பல இடங்களில் உண்மையான பிரச்சினை ஒரேயொரு செட்டிங்தான். அது எது என்று கண்டுபிடிக்கிற ஒழுங்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020க்கு 150 ஜிபி இடமும் குறைந்தது 8 ஜிபி ரேமும் வேண்டும், டேட்டா கார்டில் இணையம் பாவிக்கிற வீட்டுக்கு அது சரிவராது. ஆகவே ஃபிளைட்கியர். முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள். இதே மென்பொருளை வேறு பெயர் ஒட்டிக் காசுக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நான் சொல்கிற மெனுக்கள் 2020.3 பதிப்பில் இருப்பவை, பழைய மெஷினுக்கு அதுவே நல்லது.

முதலில் டிரைவர்

ஃபிளைட்கியரை நிறுவி "ஃபிளை" பட்டனை அழுத்தியதும் கறுப்புத் திரை வந்து அப்படியே மூடிக்கொள்கிறதா? விண்டோஸின் டிவைஸ் மனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடப்டர்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். அங்கே "மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்" என்று இருந்தால் உங்கள் கிராஃபிக்ஸ் சிப்புக்கு உரிய டிரைவரே (சிப்பை விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்) போடப்படவில்லை என்று அர்த்தம். கடையில் விண்டோஸ் மாற்றிக் கொடுத்த லப்டொப்புகளில் இது சர்வசாதாரணம், படம் பார்க்க ஒரு குறையும் தெரியாது, ஆனால் ஃபிளைட்கியருக்கு வேண்டிய ஓப்பன்ஜிஎல் (முப்பரிமாணக் காட்சியை வரைகிற வசதி) அதில் கிடையாது. லப்டொப் மொடல் நம்பரைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருந்தே டிரைவரை இறக்கிப் போடுங்கள்.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லப்டொப் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஃபிளைட்கியரைச் சேர்த்து "ஹை பெர்ஃபோமன்ஸ்" கொடுங்கள். கொடுக்காவிட்டால் பலமான சிப் சும்மா இருக்க, பலமில்லாதது மாரடிக்கும்.

பலாலி விமான நிலையத்தில் தொடங்கினேன், சுற்றிவர ஒரே கடல்

அதிகம் பேர் மாட்டுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃபிளைட்கியரில் உலகம் முழுவதும் முன்கூட்டியே இருக்காது. நீங்கள் பறக்கிற இடத்தின் நிலத்தை டெராசிங்க் என்ற பகுதி அவ்வப்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே இருக்கும். இறங்காத இடத்தை எல்லாம் மென்பொருள் கடலாகத்தான் காட்டும். இரணைமடுக் குளம், ஏ9 வீதி, முறிகண்டிக் காடு எல்லாமே நீலத் தண்ணீர்.

லோஞ்சரின் (ஃபிளைட்கியரைத் திறந்ததும் வருகிற, "ஃபிளை" பட்டன் உள்ள முதல் ஜன்னல்) செட்டிங்ஸ் பக்கத்தில் காட்சியமைப்பைத் தானாக இறக்கும் தெரிவு இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கியும் கடலாகவே இருந்தால் இணையம் மெதுவாக இருக்கிறது. பொறுத்திருங்கள், அல்லது இரவு டேட்டா உள்ளவர்கள் அந்த நேரத்தில் ஓடவிட்டு விமானத்தை ஓடுபாதையிலேயே நிறுத்தி வையுங்கள்.

இதைவிட நல்ல வழி பென் டிரைவ். டெராசிங்க் கோப்புறைக்குள் டெரெய்ன் என்று ஒன்று இருக்கும், அதற்குள் உலகத்தை 10 பாகைக் கட்டங்களாகவும், ஒவ்வொரு கட்டத்துக்குள் 1 பாகைக் கட்டங்களாகவும் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்தாலே இடம் விளங்கும். கிழக்கு 80, வடக்கு 9 என்ற கோப்புறையில் பலாலி, ஆனையிறவு, கிளிநொச்சி எல்லாம் வந்துவிடும். வவுனியா கிழக்கு 80, வடக்கு 8இல். மன்னார் தீவுப் பக்கம் கிழக்கு 79இல். நல்ல இணையம் உள்ள ஒரு நண்பர் வீட்டில் ஒருதடவை இறக்கிவிட்டு அந்த டெராசிங்க் கோப்புறையை அப்படியே பிரதிசெய்து கொண்டுவந்து உங்கள் மெஷினில் அதே இடத்தில் போட்டால் போதும், ஒரு வகுப்பே ஒரு பென் டிரைவில் பறக்கலாம். அந்த இடம் எது என்று லோஞ்சரின் செட்டிங்ஸ் பக்கமே காட்டும்.

சிலருக்குக் கடலும் தெரியாது, எல்லாம் ஒரே இருட்டு. பழுது ஒன்றும் இல்லை, நீங்கள் தொடங்கிய இடத்தில் இரவு. லோஞ்சரின் என்வயன்மென்ட் பக்கத்தில் நேரத்தை மத்தியானமாக மாற்றுங்கள். அதே பக்கத்தில் நிஜ வானிலையை இறக்கும் தெரிவையும் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

இழுத்து இழுத்து ஓடுகிறது

முதலில் அளந்து பாருங்கள். வியூ மெனுவில் டிஸ்ப்ளே ஒப்ஷன்ஸ் போய் ஃபிரேம் ரேட்டை (ஒரு விநாடிக்குத் திரை எத்தனை தடவை புதிதாக வரையப்படுகிறது என்ற எண்) திரையில் காட்டச் சொல்லுங்கள். மூலையில் ஒரு எண் வரும். 25, 30 வந்தால் தாராளமாகப் பறக்கலாம், 60 வேண்டும் என்று அலைய வேண்டாம். 15க்குக் கீழே போனால்தான் தரையிறங்குவது கஷ்டம், ஏனென்றால் நீங்கள் தள்ளியதும் மூக்கு அசைவதும் ஒரே நேரத்தில் நடக்காது.

இனி ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எண்ணைப் பாருங்கள், பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைத்தால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது, தேவையில்லாமல் மொட்டை நிலத்தின் மேல் பறந்துகொண்டிருப்பீர்கள். நான் முதலில் நிறுத்துவது முப்பரிமாண மேகங்களை. பழைய இன்டெல் சிப்பில் பெரும்பாலும் அதிகம் தின்பது அதுதான். அப்புறம் வியூ மெனுவின் ரெண்டரிங் ஒப்ஷன்ஸில் மரங்களின் அடர்த்தி, தானாக முளைக்கிற கட்டடங்கள். லோஞ்சரில் அன்டி-அலியாசிங் (விளிம்புகளை வழவழப்பாக்குவது). அதிலும் போதாவிட்டால் தெரிகிற தூரத்தைக் குறையுங்கள்: சின்ன இசட் விசை தூரத்தைக் கூட்டும், ஷிஃப்டோடு அழுத்தினால் குறைக்கும். ரேம் 4 ஜிபி உள்ளவர்களுக்கு இந்தத் தூரம்தான் உயிர்.

மரங்களை மட்டும் முற்றாக எடுத்துவிடாதீர்கள் என்பது என் ஆசை. வன்னிக்கு மேல் பறந்து காடு இல்லாமல் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

செட்டிங்ஸ் எல்லாம் சரி, பத்து நிமிஷம் நன்றாக ஓடிப் பிறகு ஃபிரேம் ரேட் விழுகிறது என்றால் அது சூடு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மெத்தை மேல் வைத்து ஓட்டினால் எந்த லப்டொப்பும் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். மேசையில் வையுங்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள், காற்றுத் துவாரத் தூசியை எடுங்கள். சார்ஜரும் குத்தியிருக்க வேண்டும், பற்றரியில் ஓடும்போது பல லப்டொப்புகள் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

எஞ்சின் ஓடுது, விமானம் நகருதில்லை

செஸ்னா 172 விமானத்தையே எடுங்கள், படிக்க அதைவிட நல்லது இல்லை. எஞ்சின் பிடிக்காவிட்டால் மேலே விமானத்தின் பெயரில் உள்ள மெனுவில் ஓட்டோஸ்டார்ட். நகராவிட்டால் பார்க்கிங் பிரேக், ஷிஃப்டும் பி (B) விசையும். அதிலும் நகராவிட்டால் வெளிப்பார்வைக்கு மாறி (வி விசை) சில்லைப் பாருங்கள், இந்த செஸ்னாவில் நிஜ விமானம் போலவே சில்லுக்குக் கட்டை வைத்து இறக்கையைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கலாம். பேஜ் அப் விசை திரொட்டிலை (எஞ்சின் விசையை) கூட்டும், பேஜ் டவுன் குறைக்கும்.

ஓடத் தொடங்கியதும் விமானம் இடப்பக்கம் இழுக்கும். ஜொய்ஸ்டிக் பழுது என்று நினைக்க வேண்டாம். முன்னால் சுழல்கிற புரொபெல்லர் காற்றைச் சுழற்றி வாலில் அடிப்பதும், எஞ்சினின் முறுக்குவிசையும் சேர்ந்து செய்கிற வேலை அது, உண்மையான செஸ்னாவும் இப்படித்தான். வலது ரடர் (வாலில் உள்ள சுக்கான்) கொடுக்க வேண்டும்: எண் விசைப்பலகையின் என்டர் வலது, பூச்சியம் இடது, நம்லொக் போட்டிருக்க வேண்டும். எண் விசைப்பலகை இல்லாத லப்டொப்பில் டாப் விசையை அழுத்தினால் மவுஸ் கூட்டல் குறியாக மாறி விமானத்தை ஓட்டும், இடது பட்டனைப் பிடித்தபடி அசைத்தால் ரடர். வளைவது இன்னும் கஷ்டமாக இருந்தால் லோஞ்சர் செட்டிங்ஸில் ரடரைத் தானாகவே சேர்த்து அசைக்கிற ஓட்டோ-கோர்டினேஷனைப் போடுங்கள்.

ஜொய்ஸ்டிக்கைத் தொடாமலே விமானம் சரிந்துகொண்டு போனால் மட்டும் ஜொய்ஸ்டிக்கில் சந்தேகப்படலாம். விண்டோஸ் தேடலில் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ் என்று தேடி, அங்கே கலிபிரேட் செய்யுங்கள்.

சத்தம்

இதை எங்கள் இடத்தில் சின்ன விஷயமாக எடுக்க முடியாது. விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய சனம் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அம்மாவோ அம்மம்மாவோ பக்கத்து அறையில் இருக்கும்போது ஸ்பீக்கரில் எஞ்சினைத் திறந்துவிடாதீர்கள். ஹெட்போன் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபைல் மெனுவின் சவுண்ட் கொன்ஃபிகரேஷனில் எஞ்சினைக் குறையுங்கள்.

ஓட்டிப் பார்க்க ஒரு பாதை

லோஞ்சரில் வி.சி.சி.ஜே (VCCJ) என்ற விமான நிலையக் குறியீட்டைத் தேடினால் பலாலி வரும். எழும்பியதும் திசைகாட்டியில் சுமார் 130 பாகைக்குத் திரும்பி 2000 அடியில் வைத்திருங்கள். கடலேரி வலக்கைப் பக்கம் வந்து, கால்மணித்தியாலத்துக்குள் ஆனையிறவுக் கழுத்து முன்னுக்குத் தெரியும். அங்கிருந்து தெற்கே ஏ9ஐப் பிடித்தால் கிளிநொச்சி, அதற்கு அப்பால் இடக்கைப் பக்கம் இரணைமடு. குளம் தட்டையாக ஒரு நீலப் பரப்பாக மட்டுமே தெரிந்தால் அது செட்டிங் பிழையல்ல, இலவசக் காட்சியமைப்பின் அளவு அவ்வளவுதான்.

எதுவும் சரிவராவிட்டால்

செட்டிங்ஸை மாற்றி மாற்றிக் குழம்பிவிட்டதா? ஃபிளைட்கியரை மூடிவிட்டு, பயனர் கணக்கின் அப்டேட்டா (AppData) கோப்புறைக்குள் ரோமிங்கில் (Roaming) ஃபிளைட்கியருக்கு உள்ள கோப்புறையைத் திறந்து "ஓட்டோசேவ்" என்று தொடங்கும் கோப்பின் பெயரை மாற்றுங்கள். அடுத்தமுறை விமானத்துக்குள்ளே மாற்றியவை எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும், இறக்கிய காட்சியமைப்பு அழியாது. அதே இடத்தில் லொக் கோப்பு ஒன்றும் இருக்கும். யாரிடமும் உதவி கேட்கும்போது "ஓடுதில்லை" என்று மட்டும் எழுதாமல் அந்த லொக்கையும், கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரையும், ஃபிரேம் ரேட் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான பழுதுகளை ஒரே பதிலில் சொல்லிவிடலாம்.