இணையவழி ஆங்கில வகுப்பில் நாடகம் நடத்துவது எப்படி?

ஏழு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கும்போது, பாடத்தைத் திரையில் காட்டி வாசிக்கச் சொல்வதைவிட ஒரு சிறு நாடகத்தை நடிக்கவைப்பது அவர்களை விரைவில் பேசவைக்கும். ஆனால் வகுப்பறை நாடகத்தை அப்படியே திரைக்கு மாற்றிவிட முடியாது. இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாகவே வந்து சேர்கிறது. பல குரல்கள் ஒன்றாக எழுந்தால் செயலி சிலவற்றை அமுக்கியும்விடுகிறது. எனவே, எல்லோரும் சேர்ந்து சொல்லும் வசனம் இங்கே வெறும் இரைச்சலாகிவிடும். ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்கும்படி எழுதப்பட்ட, வசனம் குறைந்து சைகை மிகுந்த நாடகமே பொருந்தும்.

தாய்மொழியில் ஏற்கெனவே தெரிந்த கதையையே தேர்ந்தெடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டி வடை சுட்ட கதையைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. கதையை விளக்கும் வேலை மிச்சமாவதால் கவனம் முழுவதும் மொழியின்மீது விழும். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் போதும். காகம், நரியோடு அணில், பூனை, ஆடு என்று பாத்திரங்களைச் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு வேடம் கிடைக்கும். பாட்டி ஒவ்வொருவரிடமும் "ஹூ டுக் மை வடை?" என்று கேட்க, அவர்கள் "ஐ டிட்ன்ட் டேக் இட்" என்று மறுக்க வேண்டும். கேள்வியில் வரும் 'டுக்', மறுப்பில் 'டேக்' ஆவதுதான் நம் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடம். விதியாகச் சொன்னால் மறந்துபோவது, ஆறு வாய்களில் மாறி மாறிக் கேட்கும்போது காதில் தங்கிவிடும்.

முதல் வகுப்பில் பிள்ளைகளைப் பேசச் சொல்லாதீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் கதையைச் சொல்லச் சொல்ல, அவர்கள் மாவைத் தட்டட்டும், சிறகை விரிக்கட்டும், வடையைக் கவ்வட்டும். கேட்ட சொல்லுக்கு உடல் பதில் தருவதில் தொடங்கும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்தார். அசைவுகளிலிருந்தே யாருக்கு எந்தச் சொல் புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் வகுப்பில் வசனத்திற்கு வாருங்கள். எல்லோருடைய ஒலிவாங்கியையும் அணைத்துவிட்டு, நீங்கள் சொல்ல அவர்கள் தத்தம் வீட்டில் உரக்கச் சொல்லட்டும்; பிறகு ஒவ்வொருவராக ஒலிவாங்கியைத் திறக்கலாம். தமிழ் பேசும் நாம் எல்லா அசைகளுக்கும் ஏறத்தாழ ஒரே அழுத்தம் தருகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும். "ஹூ டுக் மை வடை?" என்பதில் 'ஹூ' என்பதை அழுத்தினால் திருடனைத் தேடுகிறோம், 'மை' என்பதை அழுத்தினால் போனது அடுத்தவர் வடையல்ல, என் வடை என்கிறோம். கோபமான பாட்டி, அழுகிற பாட்டி, காது கேளாத பாட்டி என்று மாற்றி மாற்றிச் சொல்லவைத்தால் இது விளக்கமின்றியே பிடிபடும்.

பாட்டியின் வேடத்தை முதலில் ஆசிரியரே ஏற்பது நல்லது. ஆசிரியர் தாமே ஒரு பாத்திரமாக உள்ளே நுழையும் இந்த உத்தியை இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் பரவலாக்கினார். திருத்துவதற்கு இதைவிட நாகரிகமான வழி இல்லை. ஒரு பிள்ளை "ஐ டிட்ன்ட் டுக்" என்றால் நாடகத்தை நிறுத்தாதீர்கள், "ஓ, யூ டிட்ன்ட் டேக் இட்?" என்று பாட்டியாகவே வியந்து கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த முறை பிள்ளை தானே திருத்திச் சொல்லும்.

மேடையேற்றத்துக்குக் கேமராவே திரைச்சீலை. ஜூமில் காணொளி இல்லாதவர்களை மறைக்கும் வசதியை ஒவ்வொருவர் திரையிலும் இயக்கிவிட்டால், கேமராவைத் திறப்பது மேடையில் நுழைவதாகவும் மூடுவது வெளியேறுவதாகவும் ஆகிவிடும். கைபேசியைப் படுக்கைவாட்டில் சாய்த்து நிறுத்தி, இரு கைகளும் நடிப்பதற்கு விடுபட்டிருக்கச் செய்யுமாறு பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி வட்டமான காகித வடை ஒன்றை வைத்திருந்தால், திரையில் ஒரு பிள்ளையின் கட்டத்தின் ஓரத்தில் மறையும் வடை அடுத்த பிள்ளையின் கட்டத்தில் வந்து சேரும். கட்டணமில்லாத ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடுவதால் நாடகத்தை முதல் 25 நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முகம் காட்டக் கூசும் பிள்ளையை வற்புறுத்தாமல் காலுறைப் பொம்மையைப் பேசவைக்கலாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலின்றி எதையும் பதிவுசெய்யக் கூடாது.

ஒருமுறை நடித்து முடித்ததும் வேடங்களை மாற்றி மறுபடி நடத்துங்கள். மூன்றாம் வகுப்பில் நரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, எழுதிய வசனம் இல்லாமல் பிள்ளைகளையே கேள்வி கேட்க விடுங்கள்.