மாளிகை இல்லாத ஊருக்கு வண்டி கட்டுவது எப்படி

எங்கள் ஊர்ப் பெயர் சோழன் மாளிகை. கும்பகோணத்துக்குத் தென்மேற்கே, பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரில் மாளிகை கிடையாது. வயல் இருக்கிறது, வாழைக்கொல்லை இருக்கிறது, ஒரு டீக்கடை இருக்கிறது. எங்கள் அப்பாயி மாட்டுக்கொட்டகை வாசலில் படிக்குப் போட்டிருந்த செங்கல் மட்டும் இந்தக் காலத்துச் செங்கல் மாதிரி இருக்காது. பட்டையாக, அகலமாக, ஓலைப்பெட்டி மூடி போல இருக்கும். "கிணறு வெட்டுறப்ப வந்துச்சுடா" என்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சோழ வரலாறு.

இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். பெரும்பாலும் நவக்கிரக டூர். ஒரு நாளில் ஒன்பது கோயில், எல்லாம் ஓட்டம். ஏழெட்டு வருஷமாகத்தான் சோழர் ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களைத் தனியாக அழைத்துப் போகிறேன். உங்கள் வீட்டுச் சொந்தங்களையோ கூடப் படித்தவர்களையோ நீங்களே கூட்டிப் போவதாக இருந்தால் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் காலம். தை, மாசி இரண்டும்தான் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தாராசுரம் கோயில் தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் பிராகாரத்தில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் கருங்கல் தரையில் கால் வைக்க முடியாது. அப்படியும் அந்த மாதங்களில்தான் வர முடியும் என்றால் ஆளுக்கு ஒரு ஜோடி பழைய பருத்தி சாக்ஸ் எடுத்துவரச் சொல்லுங்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் முற்றத்தில் பகல் பதினோரு மணிக்கு அதன் அருமை தெரியும்.

வண்டிக்குப் பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர் போதும். பெரிய பஸ் பழையாறைப் பக்கம் கிராமத்துச் சாலைகளில் திரும்பாது. கிலோமீட்டர் வாடகை எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, பார்க்கிங், டோல் யார் தருவது என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். என்னை வரவழைத்த ஏஜெண்ட் ஒருவர் மூன்று நாள் பேட்டாவை "பார்ட்டி தருவாங்க" என்றார். பார்ட்டி "ஏஜெண்ட் தருவார்" என்றது. இன்றுவரை இருவரும் தரவில்லை.

பெண்கள், வயதானவர்கள் இருந்தால் கழிப்பறைதான் பெரிய பாடு. இடிபாடு இருக்கும் ஊர்களில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஊர் எல்லை தாண்டுவதற்கு முன்பே பெட்ரோல் பங்கில் நிறுத்திவிடுவது என் வழக்கம், யாரும் கேட்காவிட்டாலும்.

இன்னொரு சாமானும் வண்டியில் எப்போதும் இருக்கும்: இப்போது வீடு கட்டுகிற சேம்பர் செங்கல் ஒன்று. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எல்லோரும் செய்கிற ஒரு தப்பு, முதலில் கோயிலைக் காட்டுவது. கோயிலைப் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் மண்மேட்டைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. சோழர்கள் சாமிக்குக் கல்லில் கட்டினார்கள், தங்களுக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டார்கள். அதனால் கோயில் நிற்கிறது, ஊர் போய்விட்டது. போன ஊரை முதலில் காட்டுங்கள், நிற்கும் கோயிலைப் பிறகு காட்டுங்கள். நடை பன்னிரண்டு மணி வாக்கில் சாத்தி, மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் தடவை பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டே காலுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போய், நாலு மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லோருடைய முகத்தையும் பார்த்தவன் நான்.

முதல் நாள் கும்பகோணத்தில் டிகிரி காபி குடித்துவிட்டு விடிகாலை ஐந்தே முக்காலுக்கு எடுங்கள். திருப்பனந்தாள் தாண்டி அணைக்கரை வரும். அங்கே இறக்குங்கள். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் வெள்ளைக்காரர்கள் கட்டிய கீழணை அது. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கொண்டுவந்த கல் இதற்குள்தான் போயிற்று. ஊர் ஜனங்கள் தடுக்கப் பார்த்தார்கள், கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டடிக் கைப்பிடிச் சுவரோடு முடித்துக்கொண்டார்கள் என்று அந்தக் காலத்து ஆவணத்திலேயே இருக்கிறது. ஆகவே கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் கோயில் மதிலை வழியிலேயே பார்த்துவிடலாம். ஐந்து நிமிஷம் போதும். பாலத்தில் நிற்க வேண்டாம், கரையில் நின்று சொல்லுங்கள்.

மீன்சுருட்டியில் இடதுபக்கம் திரும்பியதும் வண்டியில் இருக்கும் பிள்ளைகளை ஊர்ப் பலகைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுவேன். அந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. ஒரு தலைநகரத்தின் வரைபடமே அது. கோட்டை எங்கே, ஆயுதம் எங்கே, ராஜாவின் மெய்க்காவலர்கள் எங்கே குடியிருந்தார்கள், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு எங்கே அரைத்தார்கள் எல்லாம் பெயரில் இருக்கிறது. கட்டடம் எல்லாம் போயும் பெயர் மட்டும் ஆயிரம் வருஷம் போகாமல் இருந்திருக்கிறது.

கோயில் கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். நேரே மாளிகைமேட்டுக்குப் போங்கள், இரண்டு கிலோமீட்டர்தான். தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டிய குழிகள் அங்கே இருக்கின்றன. அரண்மனைச் சுவர்களின் அடிப்பாகம், கூரை ஓடுகள், அவற்றைப் பிடித்த இரும்பு ஆணிகள், சீனத்துப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்த இடம். கங்கை வரை படை அனுப்பி, கடல் தாண்டிக் கடாரம் வரை ஜெயித்த ராஜேந்திரன் இருந்த வீடு இப்போது முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. "இதுதானா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கேட்கட்டும். அப்போதுதான் நான் சேம்பர் செங்கல்லை எடுப்பேன். வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே தெரியும் செங்கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுவேன். இது தடித்துக் குட்டை. அது மெலிந்து அகலம். பிறகு சுவரின் அகலத்தைப் பார்வையாலேயே அளக்கச் சொல்லுவேன். இவ்வளவு தடித்த சுவர் என்றால் மேலே என்ன பாரம் இருந்திருக்கும்? இதுவரை பேசாமல் வந்த மேஸ்திரிகளும் இன்ஜினியர்களும் அங்கேதான் வாய் திறப்பார்கள். போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், கட்டட கான்ட்ராக்டர், "ஏனுங்க தம்பி, இது ஒத்தை மாடி இல்லீங்க" என்று அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார். தரையில் கிடக்கும் பானையோட்டைப் பையில் போடுகிறவர்கள் இருப்பார்கள். அதைக் கண்டிப்பாகத் தடுங்கள், சிரித்துக்கொண்டே.

எட்டரைக்குக் கோயிலுக்கு வந்தால் பதினொன்றரை வரை நேரம் இருக்கிறது. தஞ்சாவூர் விமானம் நெட்டுக்குத்தாக ஏறும். இது இடுப்பு வளைந்து ஏறும். அதை மட்டும் சொல்லிவிட்டு, வடக்குப் பக்கப் படிக்கட்டு ஓரத்துக்கு அழைத்துப் போங்கள். சண்டேசர் சிற்பம். சிவன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பார்வதி. காலடியில் கைகூப்பிய சண்டேசர் தலையில் சிவன் பூச்சரத்தைச் சுற்றுகிறார். சுற்றுகிற அந்த விரல்களைப் பாருங்கள்: பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அம்மா பூ வைக்கிற பதம். யாரும் பேசாமல் ஐந்து நிமிஷம் நிற்க விடுங்கள். கைடு வேலையில் கஷ்டமானதே வாயை மூடிக்கொள்வதுதான்.

திரும்பும்போது ஏரியைக் காட்டலாம். சோழகங்கம் என்று ராஜேந்திரன் வெட்டியது. கங்கை நீரால் ஆன வெற்றித்தூண் என்று செப்பேடு சொல்கிறது. இப்போது பொன்னேரி. மாலையில் தாராசுரம். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாம் நாள் காலை எங்கள் பக்கம். பழையாறை சோழர்களுக்கு இரண்டாம் தலைநகரம். முடிகொண்ட சோழபுரம் என்றும் பெயர். முடிகொண்டான் ஆறு இன்னும் ஓடுகிறது. ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர் என்று நாலு படைவீடுகள் இன்று நாலு சின்னக் கிராமங்கள். இங்கே டிக்கெட் கவுண்டர் கிடையாது, கோயில் பூட்டியிருந்தால் சாவி குருக்கள் வீட்டில் இருக்கும். முதல் நாள் மாலையே ஆள் விட்டுச் சொல்லி வைப்பது நல்லது. தட்டில் பணம் போட மறக்காதீர்கள், அந்தக் கோயில்களுக்கு வேறு வருமானம் இல்லை. பழையாறை சோமநாதர் கோயில், பிறகு ராமநாதன் கோயில் ஊரில் பஞ்சவன் மாதேவீச்சரம். ராஜேந்திரன் தன் சிற்றன்னைக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், அது. உடையாளூரில் ராஜராஜன் சமாதி என்று ஒரு லிங்கத்தைக் காட்டுவார்கள். ஊர் நம்பிக்கை அது, நிரூபணமானது இல்லை. கூட்டத்திடம் அப்படியே சொல்லுங்கள். சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு, பரவாயில்லை.

மதியச் சாப்பாட்டைக் கும்பகோணத்திலேயே கட்டி எடுத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. தயிர்சாதம், மாங்காய்த் தொக்கு. சாப்பிட்டுவிட்டுத் தஞ்சாவூர்.

நாலரை மணிக்குப் பெரிய கோயில் முற்றத்தில் விமானத்துக்குக் கிழக்கே நிற்க வையுங்கள். "இந்தக் கோபுர நிழல் தரையில் விழாது" என்று கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்பேன். எல்லாக் கையும் எழும்பும். "சரி, இப்ப நீங்க எதுல நிக்கிறீங்க?" விமான நிழலில்தான். சிரிப்பு அடங்கினதும் மதிலுக்கு வெளியே வடக்குப் பக்கம் போவோம். 216 அடி விமானத்தைப் பார்க்க வருகிறவர்கள் இந்த மதிலைப் பார்ப்பதே இல்லை. 1010-இல் குடமுழுக்கு கண்ட கோயிலுக்கு ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்களை, அதாவது கோயிலில் ஆடிப் பணி செய்கிறவர்களை, பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினான். அவர்கள் பெயர், எந்த ஊர்க்காரி, எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். பழையாற்றுக்காரிகளும் அதில் உண்டு. காலையில் நாம் பார்த்த ஊர்! தெரு இல்லை, வீடு இல்லை, விலாசம் மட்டும் இருக்கிறது.

அந்தத் தஞ்சாவூர் என்ன ஆயிற்று என்று கேட்டால் பாண்டியன் தன் வெற்றிகளைக் கல்லில் வெட்டிவைத்த மெய்க்கீர்த்தி பதில் சொல்லும்: "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி". உறந்தை என்றால் உறையூர். மாறவர்மன் சுந்தரபாண்டியன் வைத்த நெருப்பு. செங்கல்லும் மரமும் எவ்வளவு நேரம் தாங்கும்?

மூன்றாம் நாள் கடற்கரை. பூம்புகாரில் கலைக்கூடத்தை வேகமாக முடித்துவிட்டு கீழையூருக்குப் போங்கள். அகழாய்வில் வந்த செங்கல் படகுத்துறை. அதிலிருந்த மரத்தூண்களைச் சோதித்து கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் வைக்கிறார்கள். இன்றைக்குக் கடல் அங்கிருந்து தள்ளி இருக்கிறது, படகைக் கட்டி நிறுத்திய இடம் வயல் நடுவே கிடக்கிறது. பல்லவனீஸ்வரத்தில் புத்த விகாரையின் அடித்தளமும் இருக்கிறது. பிறகு திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை விட எனக்குப் பிடித்தது அதன் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் எடுத்தது. சோழ அரசை முடித்து வைத்தவன் கட்டிய கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது.

ஐந்து மணிக்குக் கிளம்பினால் மயிலாடுதுறை ஜங்ஷனில் ராத்திரி ரயிலுக்கு நிதானமாக விடலாம். பெட்டி படுக்கையை இறக்கும்போது செங்கல்லையும் சேர்த்து இறக்கிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இது நாலாவது செங்கல்.