ஜீன்ஸ் காலை மடித்துவிடும்போது எங்கே தப்பு நடக்கிறது?

ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் யார் காலும் முழுதாக இறங்கியிருக்காது. வேட்டிக்காரர் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிவிடுவார். எதிரே பெரியவர் வந்தால் ஒரே உதறலில் இறக்கியும் விடுவார். ஜீன்ஸுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. காலையில் மடித்தது மாலை வரை பைக்கிலும் பஸ்ஸிலும் சேற்றிலும் அப்படியே நிற்க வேண்டும். பாதி வழியில் ஒரு கால் அவிழ்ந்து தொங்குகிறது என்றால் மடித்த கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அந்த ஜீன்ஸே அந்த மடிப்புக்கு ஒத்துவராததாக இருக்கும்.

மிச்ச நீளத்தை எல்லாம் மடிப்பிலேயே தீர்த்துவிடப் பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கடையில் இடுப்பளவை மட்டும் பார்த்து எடுக்கிறோம். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு உள்கால் நீளம், அதாவது கவட்டிலிருந்து கணுக்கால் வரை, ஏறக்குறைய 29, 30 அங்குலம் வரும். ஜீன்ஸின் உள்கால் 32 என்றால் மிஞ்சுவது இரண்டு மூன்று அங்குலம். ஒன்றரை அங்குல மடிப்பு ஒன்று போட்டால் ஒன்றரை குறையும், இரண்டு போட்டால் மூன்று குறையும். மடிப்பால் சமாளிக்கக்கூடியது அவ்வளவுதான். ஐந்து அங்குலம் மிஞ்சியதை மூன்று நான்கு சுற்றாகச் சுருட்டினால் காலடியில் வளையம் மாட்டியதுபோல் தடித்து நிற்கும்.

தடிப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு மடிப்பில் துணி இரண்டு அடுக்கு, இரண்டாவது மடிப்பில் மூன்று. விளிம்பை ஏற்கெனவே உள்ளே மடக்கித் தைத்திருக்கிறார்கள், அதுவே மூன்று அடுக்கு. உள்கால் தையல் ஒன்றையொன்று கவ்வியபடி இரட்டை வரியாகப் போடப்படுவதால் அங்கே நான்கு அடுக்கு. விளிம்பும் அந்தத் தையலும் சந்திக்கும் ஒரு புள்ளியில் மட்டும் பன்னிரண்டு அடுக்கு துணி சேர்ந்துவிடுகிறது. நடக்கும்போது கணுக்கால் எலும்பில் இடிக்கிற கட்டி அதுதான். மூன்றாவது சுற்று போட்டால் கட்டி இன்னும் உள்ளே போகுமே தவிர கரையாது.

கால் வாய் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

டெய்லர்கள் பாட்டம் என்று சொல்லும் கால் வாய்ச் சுற்றளவைப் பார்க்காமல் மடிப்பதால்தான் பாதி மடிப்புகள் கெடுகின்றன. ஒன்றரை அங்குலம் மடித்தால் விளிம்பு, தான் இருந்த இடத்தைவிட மூன்று அங்குலம் மேலே போய் உட்காருகிறது. அங்கே காலின் சுற்றளவும் அதேயாக இருந்தால் மடிப்பு படிந்து நிற்கும். நேர்க்கால் ஜீன்ஸில் ஏறக்குறைய அப்படித்தான், அதனால் மடிப்புக்கு அதைப்போல இன்னொன்று இல்லை.

பூட்கட்டில் கீழே போகப் போக அகலம் கூடுகிறது. அதை மடித்தால் அகலமான விளிம்பு ஒடுங்கிய இடத்துக்கு ஏறி, காலை விட்டு விலகிப் புனல் மாதிரி விரிந்து நிற்கும். எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் சரியாகாது. பூட்கட்டை மடிக்க வேண்டாம், டெய்லரிடம் கொடுத்து உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிய காலில் நடப்பது இதற்கு நேர்மாறு. குறுகிய வாய் அகலமான இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டியிருப்பதால் மேலே இழுத்துச் சுருக்கம் விழும். லைக்ரா கலந்த துணி அந்த இழுப்புக்குக் கொஞ்சம் கொடுக்கும், பிறகு மெல்ல நழுவி இறங்கும். இதற்கு முக்கால் அங்குல மடிப்பு இரண்டு போதும். அகலமாக ஒன்றை மட்டும் போட்டால் நிற்பதில்லை.

துணியின் கனமும் கணக்கில் உண்டு. டெனிமை ஒரு சதுர கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று எடைபோடுவார்கள். 12 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிராம். 10 அவுன்ஸுக்குக் கீழே இருந்தால் ஒற்றை மடிப்பு தொய்ந்துவிடும், இரண்டு போட வேண்டும். 14க்கு மேலே போனால் ஒரே மடிப்பு போட்டு விட்டுவிடலாம்.

குனிந்துகொண்டே அளக்காதீர்கள்

குனிந்தால் இடுப்பும் முட்டியும் துணியை மேலே இழுக்கும். அந்த நிலையில் சரியாகத் தெரிகிற உயரம், நிமிர்ந்ததும் வேறாகிவிடும். அன்று போடப்போகும் செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டு, ஜீன்ஸை எப்போதும் நிற்கும் இடுப்பில் நிறுத்தி, நேராக நின்று கண்ணாடியில் பாருங்கள். ஷூவுக்குக் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, செருப்புக்கு எலும்பை மூடும்படி. இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு பிறகு உட்கார்ந்து மடியுங்கள். ஒரு காலை ஸ்கேலால் அளந்துவிட்டு மறுகாலைக் கண்ணளவில் விடுவது பலரது வழக்கம். கால் அங்குல வித்தியாசம்கூட எதிரே வருபவர் கண்ணில் படும்.

மடிக்கும்போது முன்பக்கத்தில் தொடங்கிச் சுற்றி வராதீர்கள். உள்கால் தையலையும் பக்கத் தையலையும் இரண்டு கையால் பிடித்து, அந்தந்தத் தையல் தன் கோட்டின் மேலேயே ஏறும்படி முதலில் வைத்துவிட்டு, நடுவில் உள்ளதை அப்புறம் இழுத்துவிடுங்கள். டெனிம் சாய்வரி நெசவு என்பதால் துவைக்கத் துவைக்க ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். சிலருடைய ஜீன்ஸில் பக்கத் தையல் முன்காலுக்கே வந்திருக்கும். அது துணியின் குணம். பலவந்தமாக நேராக்கி மடித்தால் பத்து அடி நடப்பதற்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும் நீலச்சாயம் ஏற்றி, குறுக்கே ஓடும் ஊடை நூலை வெள்ளையாக விட்டு நெய்வதால்தான் உள்பக்கம் வெளுத்துத் தெரிகிறது. மடிப்பின் அழகு அந்த வெளுப்பில்தான். ஊடைக்கும் கறுப்பு ஏற்றிய ஜீன்ஸில் உள்ளும் புறமும் ஒரே நிறம். அகல மடிப்பு போட்டாலும் எடுபடாது, ஒல்லியாக மடித்தால் போதும். உள்பக்கம் வெளியே வரும்போது, ஓரம் பிரியாமல் போட்ட ஓவர்லாக் தையலும் கூடவே வரும். தொங்கும் நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், வரி முழுதும் பிரிந்துவிடும். கத்தரியால் ஒட்ட நறுக்குங்கள்.

மழைக்காலத் தவறுகள்

ஈரமான மடிப்பை அப்படியே விட்டுவைப்பது செங்கோட்டைப் பக்கம் அன்றாடம் நடப்பது. மூன்று அடுக்குக்குள் புகுந்த தண்ணீர் சாரல் காற்றில் சீக்கிரம் காயாது, மறுநாள் பூஞ்சை வாடை அடிக்கும். மடிப்புக்குள் தங்கிய மண்ணும் பொடிக்கல்லும் நடக்க நடக்கத் துணியை உராயும். நீலச்சாயம் நூலின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருப்பது. உராய்ந்தால் உள்ளிருக்கும் வெள்ளை வெளியே வந்துவிடும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் மடித்தாலும் விளிம்பில் வெள்ளைக்கோடு நிரந்தரமாக விழுவது இதனால்தான். பின்னால் காலை இறக்கிவிடலாம் என்று நினைத்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து உதறுங்கள். துவைப்பதும் காயப்போடுவதும் மடிப்பை அவிழ்த்து, உள்பக்கம் வெளியே திருப்பி.

ரப்பர் தோட்டத்துக்குள்ளோ தென்மலைக் காட்டுப் பாதையிலோ இறங்குவதாக இருந்தால் மடிப்பே வேண்டாம். அட்டை ஏறி ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. காலை இறக்கி சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பைக் ஓட்டுகிறவர்கள் தொளதொளவென்று அகலமாக மடித்தால் கிக்கரிலும் சைடு ஸ்டாண்டிலும் மாட்டும். சைக்கிளில் வலது கால் செயினில் சிக்கும். மடிப்பு அவிழாமல் இருக்க உள்கால் தையலில் ஒன்று, பக்கத் தையலில் ஒன்று என்று கையால் இரண்டு சிறு தையல் போட்டால் போதும், துவைக்கும்போது வெட்டிவிடலாம். சேஃப்டி பின் துருப்பிடித்துக் கறை வைக்கும்.

டெய்லரிடம் கொடுக்கும்போது

முதலில் ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுங்கள். சுருக்கம் போக்கப்பட்ட டெனிமே ஒன்று முதல் மூன்று சதவீதம் சுருங்கும். 30 அங்குலத்தில் அது கிட்டத்தட்ட ஒரு அங்குலம் வரை போகலாம். சுருக்கம் போக்காத கச்சா டெனிமில் பத்து சதவீதம் வரைகூடப் போவதுண்டு.

அடுத்தது நீளக் கணக்கு. ‘28 வைங்க’ என்று சொல்லிவிட்டு வந்து, பிறகு மடிக்கத் துணி இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. மடித்தபின் 28இல் நிற்க வேண்டும், மடிப்பு ஒன்றரை அங்குலம் ஒற்றை என்றால், தைத்து முடித்த நீளம் 29½ இருக்க வேண்டும். அரை அங்குல விளிம்பை இரண்டு முறை மடக்கித் தைக்க இன்னும் ஒரு அங்குலம். ஆக 30½இல் வெட்டச் சொல்லுங்கள். தடித்த இடத்தில் ஊசி உடையாமல் இருக்க 18ஆம் நம்பர் ஊசி வேண்டும்.

நூலையும் சொல்லிவிடுங்கள். ஒற்றை மடிப்பில் விளிம்பின் உள்பக்கம்தான் வெளியே தெரியும், அதாவது தையல் மெஷினின் அடியில் ஓடும் பாபின் நூல். மேலே மட்டும் ஆரஞ்சு நூல் போட்டு, பாபினில் கைக்குக் கிடைத்த வெள்ளையையோ கறுப்பையோ ஓடவிடுவது கடைகளில் சகஜம். இரண்டிலும் ஒரே நூல் கேளுங்கள். இரட்டை மடிப்புதான் போடப்போகிறீர்கள் என்றால் விளிம்பு நடுவில் மறைந்துவிடும். அதனால் ஜீன்ஸோடு வந்த பழைய விளிம்பை வெட்டியெடுத்து ஒட்டித் தைக்கக் கூடுதலாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.