இத்தாலிய சமையல் புத்தகத்தை நெல்லை அடுப்படியில் எங்கிருந்து தொடங்குவது?

இத்தாலிய சமையல் புத்தகம் கையில் கிடைத்தால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். பொருளடக்கத்தில் சிசிலி, கம்பானியா, பூலியா ஆகிய தென்பகுதிகளைத் தேடுங்கள். வடக்கில் வெண்ணெய், முட்டைப் பாஸ்தா, குழைவாக வேகும் அர்போரியோ அரிசி என்று போகும். நம்மூர்ப் புழுங்கலரிசியில் ரிசோட்டோ என்னும் குழைவான சோற்றைக் கிண்டினால் குழைவு வராது. நெல்லை அவிக்கும்போதே மாவுச்சத்து இறுகிவிடுவதால் பருக்கை தனித்தனியாகவே நிற்கும். தெற்கில் தக்காளி, கத்தரிக்காய், பூண்டு, காய்ந்த பாஸ்தா. பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலேயே பாதிச் சாமான் முடிந்துவிடும்.

கிராமில் அளவு சொல்லும் புத்தகமாக வாங்குங்கள். அமெரிக்கப் பதிப்பில் ஒரு கப் என்பது சுமார் 240 மில்லி. வீட்டு டம்ளரை நம்பினால் கணக்கு தப்பும்.

முதலில் செய்து பார்க்க ஏற்றது சிசிலியின் கத்தானியா ஊர்ப் 'பாஸ்தா அல்லா நோர்மா', அதாவது தக்காளிச் சாறும் பொரித்த கத்தரிக்காயும் சேர்ந்த பாஸ்தா. நாலு பேருக்குப் பாஸ்தா 400 கிராம், பெரிய ஊதாக் கத்தரிக்காய் 500 கிராம். புத்தகம் 800 கிராம் டப்பாத் தக்காளி கேட்டால், பெங்களூர் தக்காளி ஒன்றேகால் கிலோ எடுங்கள். நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் கூடுதல். அதுதான் இருக்கிறதென்றால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை போதும். அதற்கு மேல் போனால் ஜாம் வாடை வரும்.

தக்காளியின் அடியில் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலை உரியுங்கள். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் எண்ணெய், நசுக்கிய பூண்டு 2 பல், தக்காளி, உப்பு சேர்த்து மூடாமல் 25 முதல் 30 நிமிடம் வேகட்டும். கரண்டியால் கோடு இழுத்தால் அடி தெரிய வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிய வேண்டும். குக்கரில் வைத்தால் நீர் வற்றாமல் ரசம் மாதிரி ஆகிவிடும். இரும்புச் சட்டியும் ஆகாது: புளிப்பு இரும்போடு சேர்ந்து நிறமும் ருசியும் கெடும்.

கத்தரிக்காயை விரலளவுத் துண்டாக்கி உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்துப் பிழியுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுப் பொன்னிறமாகப் பொரியுங்கள். காயாத எண்ணெயை கத்தரிக்காய் அப்படியே குடித்துவிடும். நல்லெண்ணெய் வாடை இங்கே ஒட்டாது. பொரிக்கக் கடலை எண்ணெய், கடைசியில் மேலே ஊற்ற மட்டும் ஆலிவ் எண்ணெய் என்றால் செலவும் குறையும்.

இதில் போடும் பேசில் என்ற வாசனை இலை கிடைக்காவிட்டால் திருநீற்றுப்பச்சிலை. தாவரவியலில் இரண்டும் ஒரே இனம்தான், சப்ஜா விதை தரும் அதே செடி. வாசம் மட்டும் சற்றுத் தூக்கலாக இருக்கும். முதலில் பாதி அளவு போட்டு முகர்ந்து பாருங்கள். அடுப்பை அணைத்தபின் கையால் கிள்ளிப் போட வேண்டும். கோவில் துளசியில் கிராம்பு வாடை தூக்கும், அதைத் தொடாதீர்கள்.

மேலே தூவ ரிக்கோட்டா சலாட்டா என்னும் உப்பிட்ட கெட்டிச் சீஸ் கேட்பார்கள். ஒரு லிட்டர் பாலை எலுமிச்சையில் திரித்து, வடிகட்டி, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி, துணியில் கட்டிப் பாரம் வைத்து ஓர் இரவு பிரிட்ஜில் விட்டால் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்யும். சைவக் குடும்பங்கள் ஒன்று கவனிக்க: பார்மிஜானோ ரெஜானோ என்னும் கெட்டிச் சீஸ், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற உறைபொருளில் உறைய வைப்பது. கடைச் சீஸ் என்றால் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள்.

பாஸ்தா பாக்கெட்டில் துரம் கோதுமை என்று இருக்கட்டும். மைதா பாஸ்தா சீக்கிரம் குழையும். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு. கல்லுப்பைக் கரண்டியில் அளக்காமல் எடை போடுங்கள். பாக்கெட் சொல்லும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே எடுத்து, தக்காளியில் போட்டு, பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி விட்டு, பொரித்த கத்தரிக்காயோடு பிரட்டுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசினால் மேலே இருக்கும் மாவுச்சத்து போய், சாறு ஒட்டாமல் தட்டின் அடியில் தேங்கும்.

இது கைவந்தபின் முட்டைப் பாஸ்தாவுக்குப் போகலாம். 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. சிறிய முட்டையென்றால் ஒரு தேக்கரண்டி தண்ணீர். புரோட்டா மாவைப் போல இளக்கமாகப் பிசைய வேண்டாம், பூரி மாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும். பத்து நிமிடம் பிசைந்து, மூடி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேயுங்கள். சாரல் காலத்தில் கொடியில் போட்டுக் காயவைக்க நினைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும். அன்றே வேகவைத்துவிடுங்கள்.