கிளினிக் நாளுக்கு முதல்நாள் இரவு

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ ஊருக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கோ மாதாமாதம் கிளினிக் செல்பவர்கள், அதற்கான ஆயத்தத்தை முதல்நாள் இரவே செய்துவிட வேண்டும். விடியற்காலையில் இலக்கம் எடுக்க ஓடும் அவசரத்தில் எதுவும் நினைவுக்கு வராது.

முதலில், வீட்டில் மிஞ்சியிருக்கும் குளிசைகளை எண்ணி, அந்தத் தொகையை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். என் அம்மா மிஞ்சிய குளிசைகளைப் பால்மா ரின்னுக்குள் போட்டு, அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருந்தார். வைத்தியர் கேட்கும்போதெல்லாம் "ஒழுங்காகப் போடுகிறேன், ஐயா" என்பார். அழுத்தம் இறங்காததைக் கண்ட வைத்தியர் மருந்தின் அளவைக் கூட்டினார். கூட்டிய மருந்தை அம்மா உண்மையாகவே நாள்தோறும் போடத் தொடங்கிய வாரத்தில், கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். வைத்தியரின் கணிப்பில் பிழையில்லை. நாங்கள் சொன்னதுதான் பிழை.

குளிசையால் வயிறு குழம்பினாலோ வரட்டு இருமல் வந்தாலோ, நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடமே சொல்லுங்கள். எனலாபிரில் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் இருமலை உண்டாக்கக்கூடும், அவற்றுக்கு மாற்று உண்டு. நீரிழிவுக் குளிசையான மெற்போமினை உணவோடு எடுத்தால் வயிற்றுக் குழப்பம் பெரும்பாலும் குறையும். கைதடி சித்த வைத்தியசாலையில் மருந்து எடுப்பவரும் பாகற்காய்ச் சாறு குடிப்பவரும் அதை மறைக்கக் கூடாது, ஏனெனில் குளிசையோடு சேர்ந்து அது இரத்தத்திலுள்ள சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். ஆங்கிலப் பெயர் தெரியாதென்று கூசவும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. "படியேறும்போது நெஞ்சை அடைக்கிறது" என்று சொன்னாலே வைத்தியருக்கு விளங்கும்.

வெறுவயிற்றில் இரத்தம் கொடுப்பதற்கு முன் குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறெதுவும் எடுக்கக் கூடாது. அன்று காலை அழுத்தக் குளிசையையும் பலர் விட்டுவிடுவதால், அழுத்த அளவு வழமையை விட உயர்ந்து காட்டும். எதை வழமைபோல் போடுவது, எதை இரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பின் போடுவது என்பதை, இன்சுலின் உட்பட, முந்திய கிளினிக்கிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி மூன்று நாள் மட்டும் பத்தியம் காப்பதில் பயனில்லை, எச்.பி.ஏ.1சி பரிசோதனை ஏறத்தாழ 3 மாதச் சீனியைக் காட்டிக் கொடுக்கும்.

அறையை விட்டு எழும்ப முன், எந்தக் குளிசை, எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை வைத்தியரிடம் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பிழையாக விளங்கியிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.